மழைக்கு 30 சதவீதம்தான் வாய்ப்பு, விமானி ஏன் கூடுதல் எரிபொருள் கேட்கிறார்? அலிப்பூரில் மஹாலனோபிஸ் படித்த கணக்கு

ஏப்ரல் மாதக் கொல்கத்தா. மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். மாலையில் வடமேற்கே கருமேகம் திரண்டு வந்து, ஒரு மணி நேரம் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். வங்காளிகள் இதைக் காலபைசாகி என்பார்கள். சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் உருவாகி தென்கிழக்காக நகர்ந்து வரும் இடிமழை இது. வெயிலில் வெந்துபோன ஊருக்கு இது வரம். டம் டம் விமான நிலையத்தில் இறங்க வரும் விமானிக்கோ தலைவலி.

அந்த விமானி சென்னையில் கிளம்பும் முன்பே அவர் கையில் ஒரு வரி இருக்கும். விமான நிலையங்களுக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் 'டாஃப்' என்ற முன்னறிவிப்பில் 'புராப் 30 டெம்போ' என்று அது தொடங்கும். பின்னால் ஒரு நேர இடைவெளி, அதன் பின்னால் 'டி.எஸ்.ஆர்.ஏ.' என்ற நான்கு எழுத்து. அந்த நேரத்துக்குள் இடியுடன் மழை வந்துபோக 30 சதவீதம் வாய்ப்பு என்று பொருள்.

நம்ம போன் ஆப் 30 சதவீதம் என்று காட்டினால் என்ன செய்வோம்? குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். அதே எண்ணைப் பார்த்த விமானி கூடுதலாக எரிபொருள் கேட்பார், மழை வந்தால் புவனேஸ்வருக்கா ராஞ்சிக்கா என்று யோசித்து வைப்பார். எண் ஒன்றுதான். ஒருவர் அதை 'வராது' என்று படிக்கிறார், இன்னொருவர் 'வரலாம்' என்று படிக்கிறார்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள கொல்கத்தாவிலேயே ஒரு ஆள் இருக்கிறார். பள்ளிப் புத்தகத்தில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் என்ற பாடத்தில் வந்த அதே பி.சி.மஹாலனோபிஸ்தான். டேட்டா சயின்ஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு 'மஹாலனோபிஸ் தூரம்' என்ற பெயர் தினசரி பழக்கம். ஆனால் 1922 முதல் 1926 வரை அவர் கொல்கத்தா அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் வானிலையாளராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'புராப் 30' என்ற குறியீட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது பிற்பாடு சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் வந்தது. ஆனால் ஒரு எண்ணை எப்போது நம்பலாம், அதன் பக்கத்தில் எவ்வளவு பிழையை எழுதி வைக்கணும் என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கத் துரத்தியவர் அவர். அதற்கான நல்ல பயிற்சி அவருக்கு வானிலையில்தான் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் ஒரு கும்பகோணத்து நண்பர்

பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் பிறந்தது 1893 ஜூன் 29, கல்கத்தாவில். பிரம்ம சமாஜத்தில் ஊறிய குடும்பம். தாகூர் குடும்பத்தோடு நெருக்கமான பழக்கம். பிரம்ம பாய்ஸ் பள்ளி, பிறகு பிரெசிடென்சி கல்லூரி. அங்கே ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள், மேக்நாத் சாஹாவும் சுபாஷ் சந்திர போஸும் ஜூனியர்கள். 1912-ல் இயற்பியலில் பட்டம், அடுத்த ஆண்டு இங்கிலாந்து.

லண்டனில் படிக்கத்தான் போனார். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் அறையில் தங்கினார், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் மனதில் ஒட்டிக்கொண்டது, அங்கேயே சேர்ந்துவிட்டார்.

அங்கேதான் ராமானுஜனுடன் பழக்கம். ஒரு குளிர் நாளில் ராமானுஜனைப் பார்க்கப் போனபோது, இரவில் குளிர் தாங்க முடியாமல் ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். மஹாலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மேல்விரிப்புக்குள் அழகாகச் செருகிய நிலையில் அப்படியே இருந்தன. அதற்குள் நுழைந்து படுக்கணும் என்று ராமானுஜனுக்கு யாருமே சொல்லவில்லை. மஹாலனோபிஸ்தான் எடுத்துக் காட்டினார்.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். மஹாலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மஹாலனோபிஸ் கொஞ்சம் யோசித்து விடையைக் கண்டுபிடித்திருந்தார்: 288 வீடுகள், 204-ம் எண் வீடு. ராமானுஜனோ வாணலியைக் கிளறியபடியே, இந்தத் தெருவுக்கு மட்டும் இல்லாமல் எல்லாத் தெருவுக்கும் பொருந்தும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இந்தக் கதைகள் இன்று நமக்குத் தெரிவதே மஹாலனோபிஸ் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுகளால்தான்.

1915-ல் இயற்பியல் டிரைபோஸ் முடித்தார். கேவண்டிஷ் ஆய்வகத்தில் சி.டி.ஆர்.வில்சனுடன் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையும் கிடைத்தது. பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்களைப் பார்த்து மயங்கி, மேகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உருவாக்கிக் காட்டிய வில்சன் அவர். அந்த ஆராய்ச்சி நடக்கவே இல்லை. விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினார். முதல் உலகப் போரால் கப்பல் தாமதம். காத்திருந்த நாட்களில் கிங்ஸ் நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை ஆசிரியர் ஒருவர் காட்டினார். புரட்டிப் பார்த்தவர் மொத்தத் தொகுதியையும் விலைக்கு வாங்கிவிட்டார். கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார்.

ஊரில் பிரெசிடென்சி கல்லூரி இயற்பியல் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை. வகுப்பில் இயற்பியல், மண்டைக்குள் புள்ளியியல். மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள் என்று கையில் கிடைத்த எண்ணையெல்லாம் அலசினார். இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று அளக்கும் 'மஹாலனோபிஸ் தூரம்', அந்த உடல் அளவு ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்து 1936-ல் முழு வடிவம் பெற்றது.

அலிப்பூரில் நான்கு ஆண்டுகள்

இந்திய வானிலைத் துறைக்கு அப்போது தலைவர் கில்பர்ட் வாக்கர். அடிப்படையில் கணித நிபுணர். பருவமழையை முன்கூட்டியே கணிக்க உலகம் முழுக்க அழுத்தம், வெப்பநிலை எண்களைச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்று எல் நினோ என்று நாம் பேசுவதில் பாதி, அவர் கண்டுபிடித்த 'தெற்கு அலைவு'தான். வானிலையில் புள்ளியியலுக்கு வேலை இருக்கிறது என்று மஹாலனோபிஸை இழுத்துப் போட்டவர் அவர்.

இப்படித்தான் 1922-ல், கல்லூரி வேலையையும் வைத்துக்கொண்டே, அலிப்பூர் ஆய்வகத்தின் பொறுப்பும் வந்தது. (கொல்கத்தாவின் மண்டல வானிலை மையம் இன்றைக்கும் அலிப்பூரில்தான் இருக்கிறது.)

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை தரையில் இல்லை, மேலே. இங்கிலாந்தில் டபிள்யூ.எச்.டைன்ஸ் என்பவர் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு, பல உயரங்களில் அழுத்தமும் வெப்பநிலையும் எப்படி மாறுகின்றன என்று பதிவு செய்திருந்தார். எந்த உயரத்தில் நடப்பது தரையில் உள்ள வானிலையை அதிகம் ஆட்டிவைக்கிறது என்பதுதான் கேள்வி. மேம்போக்காகப் பார்த்தால், எண்களை ஒப்பிட்டு எந்த உயரத்தில் தொடர்பு அதிகமோ அதைச் சொல்லிவிடலாம்.

மஹாலனோபிஸ் அங்கேயே நிறுத்திக் கேட்டார்: பலூன் கருவியே தப்பாக அளந்திருந்தால்? ஒவ்வொரு அளவிலும் ஒரு பிழை உண்டு. அந்தப் பிழை எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பிழை அதிகமான இடத்தில், உண்மையில் பலமான தொடர்புகூட பலவீனமாகத் தெரியும். ஆக, முதலில் பிழையை மதிப்பிட்டு அதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடணும். அப்படிச் செய்தபோது, தரை வானிலையை அதிகம் கட்டுப்படுத்தும் அடுக்கு சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்ற முடிவு வந்தது. 1923-ல் கட்டுரைகளாக வெளியிட்டார். பிறகு ஜெர்மனியில் ஃபிரான்ஸ் பௌரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இன்று இறங்க வரும் ஒவ்வொரு விமானமும் கடக்கும் உயரம் அது. ஆனால் 4 கிலோமீட்டர் என்ற விடையைவிட, அளவைத் தொடுவதற்கு முன் அளவின் பிழையைத் தொடு என்ற வழிமுறையைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். அவர் பின்னால் செய்த எல்லாவற்றிலும் இது வருகிறது.

சரி, அந்த 30 என்ன சொல்கிறது?

விமானியின் வரிக்குத் திரும்புவோம். ஏப்ரல் 10-ம் தேதிக்கு '1012/1015' என்று நேரம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 10-ம் தேதி 12 மணி முதல் 15 மணி வரை. இது யு.டி.சி. நேரம், நமக்கு மாலை 5.30 முதல் இரவு 8.30 வரை. 'டெம்போ' என்றால் விட்டுவிட்டு வருவது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கணும், எல்லாம் சேர்ந்து மொத்த நேரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கணும். அப்படி ஒரு இடிமழை விமான நிலையத்தில் வர 30 சதவீத வாய்ப்பு.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் நடைமுறைப்படி, டாஃப் முன்னறிவிப்பில் இந்தக் குறியீட்டுக்கு இரண்டே எண்கள்தான்: 30, 40. வாய்ப்பு 30-க்குக் கீழே என்றால் அது எழுதும் அளவுக்கு முக்கியம் இல்லை, விட்டுவிடலாம். 50 அல்லது அதற்கு மேல் என்றால் 'வாய்ப்பு' என்ற பேச்சே கிடையாது, மழை வரும் என்றே எழுதிவிட வேண்டும். 10, 20, 70, 90 எதுவும் அதில் வராது.

இப்போது விமானியின் கண்ணால் பாருங்கள். நம்ம ஆப்பில் 30 என்பது 0-வுக்கும் 100-க்கும் இடையில் கீழ்ப்பக்கம் கிடக்கும் ஒரு எண். டாஃப்பில் 30 என்பது பேச ஆரம்பிக்கும் இடம். முன்னறிவிப்பாளர் அதை எழுதியிருக்கிறார் என்றாலே, சும்மா விட முடியாது என்று முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 30 சதவீத வாய்ப்பு என்றால் ஊரில் 30 சதவீத இடத்தில் மழை என்று நினைப்பவர்கள் நிறைய பேர். நம்ம ஊர் வானிலை அறிக்கையில் வரும் 'ஓரிரு இடங்களில்', 'ஒரு சில இடங்களில்' என்ற சொற்கள் பரப்பைச் சொல்பவை. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை, ஒரு சில இடங்கள் என்றால் 26 முதல் 50 சதவீதம் வரை என்று வானிலைத் துறை வரையறை வைத்திருக்கிறது. டாஃப் அப்படி மாவட்டத்தைப் பற்றிப் பேசாது. ஒரே ஒரு விமான நிலையம், ஒரு குறிப்பிட்ட நேரம், அங்கே நடக்குமா நடக்காதா என்பது மட்டும்தான் அதன் பேச்சு.

அப்போ, மழை வராமல் போனால் முன்னறிவிப்பு தப்பா? ஒரு நாளை வைத்து அதைச் சொல்லவே முடியாது. 'புராப் 30' என்று எழுதிய 100 மாலைகளை எடுத்து எண்ணணும். அதில் 30-ஐ ஒட்டி மழை வந்திருந்தால் முன்னறிவிப்பாளர் நேர்மையானவர். 5 நாள்தான் வந்தது என்றால் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார். 60 நாள் வந்தது என்றால் அபாயத்தைக் குறைத்துச் சொல்கிறார். முன்னறிவிப்பு சொல்வதோடு நிற்காமல், சொன்னதையும் நடந்ததையும் ஏட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பே. 1950-ல் அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் இதற்கு எளிய மதிப்பெண் முறை ஒன்றைக் கொடுத்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை இருமடியாக்கிச் சராசரி எடுப்பது, அவ்வளவுதான். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. 0.3 என்று சொல்லி மழை வந்தால் 0.49 அபராதம், வராவிட்டால் 0.09. மதிப்பெண் குறையக் குறைய முன்னறிவிப்பு நல்லது.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கூடுதல் எரிபொருளைச் சுமக்க 20,000 ரூபாய் செலவு, அது இல்லாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டால் எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். 20,000-ஐ 5 லட்சத்தால் வகுத்தால் 4 சதவீதம். அபாயத்தின் வாய்ப்பு 4 சதவீதத்தைத் தாண்டினாலே எரிபொருள் ஏற்றுவதுதான் லாபம். 30 அதைவிடப் பல மடங்கு. (விதிப்படி எப்போதும் இருக்க வேண்டிய கையிருப்பு எரிபொருள் தனி. அதில் பேரமே கிடையாது. இது அதற்கு மேலே, சுற்றிக் காத்திருக்க உதவுவது.) குடை மறந்தால் சட்டை நனையும் நமக்கும், 180 பேரை ஏற்றிக்கொண்டு பறப்பவருக்கும் ஒரே 30 வேறு வேறு முடிவைத் தருவது இதனால்தான்.

இரண்டு வெள்ளங்கள்

மஹாலனோபிஸ் அலிப்பூரில் சேர்ந்த 1922-லேயே வடக்கு வங்காளத்தில் பெரும் வெள்ளம். பொறியாளர் குழு ஒன்று, வெள்ளநீரைத் தேக்கி நிறுத்தப் பெரும் செலவில் தேக்கப் படுகைகள் கட்டலாம் என்று சொன்னது. கட்டுவதற்கு முன் எண்களைப் பாருங்கள் என்று விவகாரம் அலிப்பூர்க்காரரிடம் வந்தது. 1870 முதல் 1922 வரை, ஐம்பது ஆண்டுக்கு மேலான மழையையும் வெள்ளத்தையும் அவர் அலசினார். 1927-ல் அறிக்கை வந்தது. தேக்கப் படுகைகள் பயன் தராது, நீர் சீக்கிரம் வடிந்து ஓட வழி செய்வதுதான் வேலை என்றார்.

1926-ல் ஒரிசாவில் பிராமணி நதி கரையை உடைத்தது. அங்கேயும் பொறியாளர்களுக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது: ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரைகளை உயர்த்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வெள்ளம் வந்தால் கரையை உயர்த்து என்று நம்ம ஊரிலும் இன்றைக்கும் சொல்கிறோம். மஹாலனோபிஸ் சுமார் அறுபது ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். படுகை குறிப்பிடும்படி உயர்ந்ததற்குத் தடயமே இல்லை. மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த அளவுக்கு மீறிய மழைதான் காரணம். கரையை உயர்த்துவதால் தீராது, மேலேயே அணை கட்டி நீரைக் கட்டுப்படுத்தலாம் என்று முதற்கட்டக் கணக்குகளும் கொடுத்தார். மகாநதிக்கு அவர் போட்ட கணக்குகள் பிறகு ஹிராகுட் அணைக்கு அடிப்படையாகின. 1957-ல் அது திறக்கப்பட்டது.

கவனியுங்கள், இரண்டு இடத்திலும் அவர் அடுத்த வெள்ளம் எந்த நாள் வரும் என்று சொல்ல முயலவே இல்லை. எவ்வளவு மழை, எத்தனை ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். எந்தச் செலவு நியாயம் என்ற முடிவை அந்த எண்ணிக்கையின் மேல் வைத்தார். விமானியின் எரிபொருள் கணக்கும் இதே ஜாதிதான், கால அளவுதான் வேறு.

சென்னைக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு பெருகி, விமான நிலைய ஓடுபாதை வரை தண்ணீர். விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. முன்கூட்டியே ஏரியைக் கொஞ்சம் காலி செய்திருக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு பக்கம் கோடையில் குடிநீர் இல்லாமல் போகும் பயம், இன்னொரு பக்கம் மிகப் பெரிய மழை வரும் வாய்ப்பு. 'கன முதல் மிக கனமழை' என்ற சொற்களை வைத்து இந்த இரண்டையும் தராசில் போட முடியாது. அதற்கு வாய்ப்பின் அளவு எண்ணாக வேணும், அந்த எண் கடந்த காலத்தில் எவ்வளவு சரியாக இருந்தது என்ற ஏடும் வேணும்.

ஒரே வயலை இரண்டு பேர் அளந்தால்

1926-ல் அலிப்பூர் வேலை முடிந்தது. அந்த ஆண்டு தாகூரின் ஐரோப்பியப் பயணத்தில் மஹாலனோபிஸும் மனைவி ராணியும் கூடப் போனார்கள். பிரெசிடென்சி கல்லூரியில் அவருடைய அறையில் சில உதவியாளர்களோடு நடந்த 'புள்ளியியல் ஆய்வகம்', 1931 டிசம்பர் 17-ல் இந்தியப் புள்ளியியல் கழகமாகத் தொடங்கியது. 1933-ல் 'சங்க்யா' இதழ்.

1937 முதல் வங்காளச் சணல் சாகுபடியை அளக்கும் வேலை. எவ்வளவு நிலத்தில் சணல் என்பதைத் தெரிந்துகொள்ள அரசுக்குத் தெரிந்த வழி, ஒரு வயல் விடாமல் எண்ணுவது. மஹாலனோபிஸ் சில இடங்களை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து அளந்தால் போதும் என்றார். எல்லாவற்றையும் எண்ணுவதைவிடச் சிலவற்றை எண்ணுவது எப்படிச் சரியாக இருக்கும் என்று கேலி செய்தார்கள். ஆனால் பல்லாயிரம் பேரை அவசரத்தில் வேலைக்கு எடுத்து எண்ணும்போது பிழை மலையாகக் குவியும். நன்றாகப் பயிற்சி பெற்ற சில நூறு பேர் கவனமாக அளந்தது செலவும் குறைவு, வியாபாரக் கணக்குக்கும் நெருக்கம் என்று போகப்போகத் தெரிந்தது.

இதில் அவர் செய்த ஒரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. தரவை வைத்துப் பிழைப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகாது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுப்பார். இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. கடைசியில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நெருங்கி இருந்தால் நம்பலாம். விலகி இருந்தால், எவ்வளவு விலகலோ அவ்வளவு சந்தேகம். பிழையை ஒளித்து வைக்காமல், கணக்கெடுப்பே தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு.

இன்றைய வானிலை நிகழ்தகவு கிட்டத்தட்ட இப்படித்தான் பிறக்கிறது. கணினி மாதிரியை ஒரே ஒருமுறை ஓட்டாமல், தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டுகிறார்கள். 2018-ல் இந்தியாவில் செயல்பாட்டுக்கு வந்த 12 கிலோமீட்டர் மாதிரி 21 முறை ஓடும். அதில் 6 அல்லது 7 முறை மழை காட்டினால் வாய்ப்பு 30 சதவீதம் பக்கம். இதற்கும் சணல் வயலுக்கும் நேரடி வரலாற்றுத் தொடர்பு கிடையாது, எண்ணம் மட்டும் உறவு. ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டு, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பது. ஆனால் காலபைசாகி போன்ற இடிமழை சில கிலோமீட்டர் அகலத்தில் முளைத்து ஓரிரு மணியில் மறைவது. 12 கிலோமீட்டர் கட்டங்களில் அது சிக்காது. அங்கே ரேடாரும், அந்த ஊர் வானத்தைப் பல ஆண்டு பார்த்த முன்னறிவிப்பாளரின் கண்ணும்தான் 30-ஆ 40-ஆ என்று முடிவு செய்யும்.

டெல்லிக்குப் போன கணக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு நேருவின் நம்பிக்கைக்குரியவர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. வேலையின்மை, குடும்பச் செலவு என்று இன்றைக்கு நாம் சண்டை போடும் பல எண்கள் அந்த மரத்தின் கிளைகள்தான். 1956-ல் அவருடைய கழகத்தில் நாட்டின் முதல் டிஜிட்டல் கணினி ஓடியது.

அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு, கனரகத் தொழிலை முன்னால் வைக்கும் மாதிரியைக் கொடுத்தவரும் அவர்தான். இதைப் பற்றி பக்கம் பக்கமாக விவாதம் உண்டு. பொருளாதார அறிஞர் பி.ஆர்.ஷெனாய் அப்போதே மாற்றுக் கருத்து எழுதி வைத்தார், சீக்கிரமே அந்நியச் செலாவணி நெருக்கடியும் வந்தது. எனக்கு உறுத்துவது வேறு. பலூன் அளவுக்கும் சணல் வயலுக்கும் பிழையை எழுதி வைத்தவர் கைபட்ட திட்டம், தேசிய வருமானம் ஐந்தாண்டில் 25 சதவீதம் உயரும் என்று ஒற்றை எண்ணோடு மக்கள் முன் போனது. 'புராப்' போட்டு அதை எழுதும் வழக்கம் அரசியலில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

விமான முன்னறிவிப்பில் அது உண்டு என்பது சின்ன விஷயம் இல்லை. மழை உண்டா இல்லையா என்பது 80 சதவீத முறையாவது சரியாக இருக்க வேண்டும் என்று ஐ.சி.ஏ.ஓ. தன் விரும்பத்தக்க அளவையே எழுத்தில் வைத்திருக்கிறது. ஐந்தில் ஒன்று தவறலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே விமானங்கள் பறக்கின்றன.

மஹாலனோபிஸுக்கு 1945-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் கௌரவம், 1968-ல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28-ல் இறந்தார், மறுநாள் 79 வயது நிறைந்திருக்கும். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம். அவருடைய கழகம் இன்றும் கொல்கத்தாவின் வடக்கில், பாராநகரில் பி.டி. ரோட்டில் இருக்கிறது. டம் டம் ஓடுபாதை அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த விமான நிலையத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புது டாஃப் வருகிறது, காலபைசாகி மாதங்களில் அதில் அடிக்கடி ஒரு 30 இருக்கும்.